மழை ரூம் தேவஇரக்கம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றாம் வருஷம் ஆனி மாதத்தில் நாலைந்து நாள் இராஜபாளையம் தேவஇரக்கத்தைக் கொலைகாரன் என்று பேசியது. காப்பிக் கடையில் பேசினார்கள், கிணற்றடியில் பேசினார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தவர்கள் ஜெபம் முடிவதற்குள் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். செத்தவர் யாருமில்லை. அதனால் என்ன, ஊர் வாய்க்கு அதெல்லாம் ஒரு குறையா?

தேவஇரக்கம் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில். மீசை அரும்பும் முன்பே சித்தப்பாவோடு பம்பாய்க்கு ரயிலேறிவிட்டான். அங்கே ஒரு பஞ்சாலையில் கூட்டிப் பெருக்குவதில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல மிஷின் ஓட்டுகிறவன் ஆனான். அந்த ஊர் ஆலைகளில் மிஷினை ஓட்டச் சொல்ல ‘சாலு’ என்பார்கள், நிறுத்தச் சொல்ல ‘பந்த்’ என்பார்கள். மேஸ்திரி மராத்திக்காரரோ, உத்தரதேசத்துக்காரரோ, யாராக இருந்தாலும் இந்த இரண்டு சொல்தான். இளமை முழுக்க அந்தச் சொற்களுக்குக் கையை நீட்டியும் மடக்கியும் பிழைத்தவன் அவன்.

நெஞ்சில் சளி கட்டி, டாக்டர் ஊரைப் பார்க்கப் போ என்று சொன்ன பிறகு திரும்பி வந்தான். செல்லக்கனியைக் கட்டினான். இராஜபாளையத்தில் புதிதாக எழும்பியிருந்த ஒரு நூற்பாலையில் இருவருக்கும் வேலை கிடைத்தது. அவளுக்கு நூல் சுற்றும் பகுதி, அவனுக்கு மழை ரூம்.

மழை ரூம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பஞ்சு நூலாக வேண்டுமானால் காற்றில் ஈரம் வேண்டும். காற்று காய்ந்தால் நூல் படபடவென்று அறும், பஞ்சுத்தூசி கிளம்பி மூக்கை அடைக்கும். ஈரம் மிஞ்சினாலோ நூல் உருளையில் சுற்றிக்கொண்டு விடாது. அதற்காக ஆலையின் ஓரத்தில் செங்கல்லால் ஒரு அறை கட்டி, உள்ளே குழாய்களில் தண்ணீரைத் தூறலாகச் சிதறவிட்டு, ஆள் உயரக் காற்றாடி ஒன்றை வைத்து அந்த ஈரக்காற்றை நூற்கும் கொட்டகைக்குள் தள்ளுவார்கள். வெளியே ஆனிக்காற்று மண்ணை வாரி இறைக்கும்போது உள்ளே விடாத சாரல் அடிக்கும். தொழிலாளிகள் வைத்த பெயர் மழை ரூம். மானேஜர் மட்டும் அதற்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர் ஒன்றைச் சொல்வார்.

கொட்டகைக்குள் சுவரில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் தொங்கும். ஒன்றின் அடியில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டிலும் பாதரசம் நிற்கும் உயரத்தை ஒப்பிட்டால் காற்றின் ஈரம் தெரிந்துவிடும். அதைப் பார்க்கிறவர் பக்கத்தில் இருக்கும் கம்பியை இழுப்பார். அந்தக் கம்பி சுவர் சுவராக ஓடி மழை ரூம் வாசலில் ஒரு மணியை அடிக்கும். ஒரு மணி அடித்தால் தண்ணீரைத் திற. இரண்டு அடித்தால் அடை. மூன்று அடித்தால் காற்றாடியை நிறுத்து. விடாமல் நீட்டி அடித்தால் ஓட்டு. தேவஇரக்கத்துக்கு ஆலையில் வேறு பாஷை தேவைப்படவில்லை.

வந்த புதிதில் பம்பாய்ப் பெருமையில் அச்சா, பந்த், சாலு என்று அள்ளி விட்டதற்கு மானேஜர் எல்லோர் முன்னாலும் ஒரு பிடி பிடித்துவிட்டார். “ஏம்ப்பா, நீ பொறந்த பாஷை என்ன? தமிழ்தானே? எங்கிட்ட தமிழ்ல பேசு. இல்லேன்னா பம்பாய்க்கே போ.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றோடு அந்தச் சொற்களை அவன் வாய் விட்டுவிட்டது. காது விடவில்லை, அதுதான் சங்கதி.

மழை ரூமைப் பழுது பார்க்கிற பிட்டர் சஞ்சீவி ராஜா. இந்த ஊர் ராஜாக்கள் சமூகத்தார் வீட்டில் பேசுவது தெலுங்கு, வெளியே பேசுவது நம்மைவிட நல்ல தமிழ். கோபக்காரர், ஆனால் வேலையில் கெட்டி. அவருக்கும் தேவஇரக்கத்துக்கும் ஆகவே ஆகாது. அந்த வாரத் தொடக்கத்தில் கொட்டகையிலிருந்து இரண்டு மணி அடித்திருக்கிறது, தேவஇரக்கத்தின் காதில் ஒன்றுதான் விழுந்திருக்கிறது. அடைக்க வேண்டிய தண்ணீரை இன்னும் திறந்துவிட்டான். வரிசை வரிசையாக நூல் உருளையில் சுற்றிக்கொள்ள, மிஷின்களை நிறுத்தி அறுத்தெடுக்க வேண்டியதாகிவிட்டது. சஞ்சீவி ராஜா ஓடி வந்தார்.

“ஏலே, காது என்ன அடைச்சிப் போச்சா? மணியைக்கூட எண்ணத் தெரியாதவனுக்கு எதுக்குலே இந்த வேலை?”

தேவஇரக்கத்துக்கும் ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. “வெளிய நின்னுக்கிட்டு யாரு வேணும்னாலும் பேசலாம் ராஜா. ஒரு நாளைக்கு உள்ள வந்து நின்னு பாரும், அப்பத் தெரியும்!”

காற்றாடிச் சத்தத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது என்பதைத்தான் அவன் சொன்னான். கேட்டவர்கள் அப்படியா எடுத்துக்கொள்வார்கள்?

நாலாம் நாள் அது நடந்தது. காற்றாடி இறக்கையில் பஞ்சுத்தூசி அப்பிக்கொண்டு காற்று இழுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சுத்தம் செய்துவிடலாம் என்று சஞ்சீவி ராஜா சின்னக் கதவு வழியாக உள்ளே போனார். காற்றாடியை ஓட்டும் பெல்ட்டை தேவஇரக்கம் சும்மா சுற்றும் சக்கரத்துக்கு மாற்றிவிட்டு, வெளியே நின்று காற்றாடியின் அச்சுச் சக்கரத்தைக் கையாலேயே மெதுவாகத் திருப்பிக் கொடுத்தான். ஒவ்வொரு இறக்கையாக அவர் முன்னால் வரும், அவர் சுரண்டுவார். முடிந்ததும் அந்தப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கதவு வழியாக வெளியேறி, ஓட்டு என்று ஒரு சத்தம் கொடுப்பார், இவன் கைப்பிடியை இழுத்து பெல்ட்டை ஓடும் சக்கரத்துக்குத் தள்ளுவான். சட்டப்படி அவர் கொட்டகைக்குள் நடந்துபோய் மணிக்கம்பியை நீட்டி இழுத்திருக்க வேண்டும். அம்புட்டு தூரம் யார் நடப்பது? எப்போதும் சத்தம்தான். நடுவில் சுவர், ஆள் தெரியாது. குரல் உள்ளேயிருந்து வந்தாலும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

கடைசி இறக்கை திரும்பியது. சுரண்டும் சத்தம் நின்றது. முடிந்தது என்று தேவஇரக்கம் இன்னும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அப்பாலிருந்து சத்தம் வந்தது.

“சாலு! சாலு! சாலு!”

அவன் யோசிக்கவே இல்லை. கை கைப்பிடியை இழுத்துவிட்டது.

பிறகு வந்தது வார்த்தை இல்லை, அலறல். அவன் கைப்பிடியைத் திருப்பித் தள்ளி, ஓடுகிற காற்றாடி நிற்பதற்குள் கதவைப் பிளந்துகொண்டு உள்ளே பாய்ந்தான். சஞ்சீவி ராஜாவின் தோள் துண்டு இறக்கைக்கும் அச்சுக்கும் நடுவில் மாட்டியிருந்தது, அதை உருவப் போன இடதுகை மணிக்கட்டோடு போயிருந்தது. தேவஇரக்கம் தன் வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டி, அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். “ஐயோ ராஜா, ஐயோ ராஜா” என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வரவில்லை. ஆலைக் காரில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காரில் அவனை ஏறவிடவில்லை.

சாயங்காலம் மானேஜர் அறையில் விசாரணை. ராஜாவின் மைத்துனன் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கே வந்து நின்றான்.

“மணி அடிச்சதா?” என்றார் மானேஜர்.

“இல்லைங்கய்யா. சாப்பாட்டு நேரத்துல சத்தம் குடுக்கிறதுதான் வழக்கம்.”

“சத்தம் குடுத்தாரா?”

“குடுத்தாருய்யா. ஓட்டுன்னுதான் சொன்னாரு. ஒரு தடவை இல்லை, மூணு தடவை சொன்னாரு.”

பாருங்கள், பம்பாய்க்கே போ என்று விரட்டின அதே மானேஜர் முன்னால் அவன் நல்ல பிள்ளையாகத் தமிழில் சொன்னான்.

மைத்துனன் பாய்ந்தான். “பொய்! மயக்கம் தெளிஞ்சதும் அவுக வாயால சொன்னாக. துண்டு மாட்டிக்கிச்சு, போதும் போதும்னு கத்தினேன், அந்தப் பாவி ஓட்டிட்டான்னு சொன்னாக. எழுதிக்கோங்க. உள்ள வந்து நின்னு பாருன்னு இவன் மூணு நாளைக்கு முந்தி மிரட்டினதை ஆலையே கேட்டிருக்கு!”

“போதும்னு சொல்லவே இல்லை!” என்று தேவஇரக்கம் கத்தினான். “சத்தியமாச் சொல்லுதேன், அந்தச் சொல்லே என் காதுல விழலை!”

அது உண்மை. அந்தச் சொல் அவன் காதில் விழவில்லைதான். உண்மையைச் சொல்லச் சொல்ல அவன் குழி ஆழமானது. போதும் என்ற சொல்லும் ஓட்டு என்ற சொல்லும் எந்தச் செவிடன் காதிலும் ஒன்றாகக் கேட்காதே! மானேஜர் கெட்டவர் இல்லை. அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் ராஜா சொன்னதை மாற்றிச் சொல்லாவிட்டால் போலீசுக்கு எழுதுவேன், அதுவரை ஆலைக்குள் கால் வைக்காதே என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் செல்லக்கனி அடுப்பு பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். நூல் சுற்றும் பகுதியில் அவள் பக்கத்தில் யாரும் நிற்கவில்லையாம். தண்ணீர்ப் பானையில் அவள் மொண்ட பிறகு யாரும் மொள்ளவில்லையாம். அதையெல்லாம் அவள் பெரிதாகச் சொல்லவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கோவத்துல செஞ்சியளா?”

“ஏட்டி!”

“என் தலையில அடிச்சுச் சொல்ல வேண்டாம். வேதத்தைத் தொட்டுச் சொல்ல வேண்டாம். எங்கிட்ட சொன்னாப் போதும். கோவம் வந்தா உங்களுக்குக் கண்ணு தெரியாதுல்ல, அதான் கேக்கேன்.”

ஊர் கொலைகாரன் என்றபோது அவனுக்குக் கோபம்தான் வந்தது. இவள் கேட்டதும் அவள் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டான். இல்லை என்றான். சரி என்றாள். அந்தச் சரியில் நம்பிக்கை இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. அதைவிடக் கொடுமை, அவனுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. போதும் என்றுதான் கத்தியிருப்பாரோ? உள்ளே இருந்த ஆத்திரம் காதை மாற்றிவிட்டதோ? கை தானாகத்தானே இழுத்தது, அந்தக் கைக்குள் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? ஆண்டவரே, நான் செய்துவிட்டேனோ என்று அழுதான்.

சனிக்கிழமை காலையில், ஜெயிலுக்குப் போனாலும் சரி, அந்த மனிதர் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுகிறேன் என்று கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்தே போனான். ஆஸ்பத்திரி வராந்தாவில் மைத்துனன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

“எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுலே இங்க வந்தே? மிச்சக் கையையும் எடுக்கணுமா?”

“அடிக்கணும்னா அடிங்க. அவியகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடுறேன்.”

நர்ஸ் வந்து இருவரையும் அதட்டினாள். பிடி தளர்ந்த நேரத்தில் தேவஇரக்கம் வாசல்படிவரை போய்விட்டான். உள்ளே சஞ்சீவி ராஜா தலையணையில் சாய்ந்திருந்தார். கட்டுப்போட்ட கை நெஞ்சின்மேல் கிடந்தது. அவர் மனைவி கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். தேவஇரக்கத்துக்கு அந்தக் கட்டைப் பார்க்க முடியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டபடியே நின்றான். அவர் இவனைப் பார்த்தார், பார்த்ததும் முகம் இறுகியது. அந்த அம்மாள் இன்னொரு கரண்டி கஞ்சியை வாய்க்குக் கொண்டுபோனாள். ராஜா தலையைத் திருப்பிக்கொண்டார்.

“சாலு, சாலு” என்றார்.

அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

தேவஇரக்கம் கரண்டியையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தான். ஓட்டு, ஓட்டு என்று அவர் சொல்கிறார், அந்த அம்மாள் நிறுத்திவிட்டாள்! கும்பிட்ட கையைப் பிரிக்கக்கூடத் தோன்றாமல் உள்ளே போய்விட்டான்.

“ராஜா, இப்ப என்ன சொன்னிய?”

“வெளிய போலே.”

“போறேன், போயிடுறேன். அம்மாகிட்ட இப்ப என்ன சொன்னிய, அதை மட்டும் சொல்லுங்க.”

“என்ன சொன்னேன்? போதும்னு சொன்னேன்.”

“போதும்னு சொல்லலையே ராஜா! வேற சொல்லு சொன்னிய. சாலுன்னு சொன்னிய!”

“ஆமா, சாலு. எங்க தெலுங்குல சாலுன்னா போதும்னுதானே. இது தெரியாதாலே உனக்கு?”

“தெரியாதே!” என்று தேவஇரக்கம் வாய்விட்டு அலறினான். “எனக்குத் தெரியாதே! பம்பாயில சாலுன்னா மிஷினை ஓட்டுன்னு அர்த்தம் ராஜா. பச்சைப்பிள்ளையிலயிருந்து அந்தச் சொல்லுக்குத்தான் இழுத்தேன். அன்னைக்கு உள்ளயிருந்து நீங்க கத்தினது போதுமா, சாலுவா? நல்லா நினைச்சுப் பாத்துச் சொல்லுங்க. என் தலைவிதி உங்க வாயிலதான் இருக்கு.”

ராஜா கண்ணை மூடினார். அவர் திரும்ப அந்த அறைக்குள் போய் நிற்கிறார் என்பது பார்த்தவர்களுக்கே தெரிந்தது. நெற்றி வியர்த்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தது. மைத்துனன் தெலுங்கில் என்னவோ குறுக்கே சொல்லப் போனான், வலதுகையைத் தூக்கி அவனை அடக்கினார்.

அவர் நினைத்தால் ஒரு சொல்லில் இவனை முடித்திருக்கலாம். போதும் என்று சொன்னதாகத்தான் ஊரே அறியும். இன்னொரு தடவை அதையே சொல்லியிருந்தால் யார் மறுப்பார்கள்? கை போன மனிதர், எதிரே நிற்பவன் நாலு பேர் முன்னால் மல்லுக்கு நின்றவன். மனசு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்ந்திருக்கும்.

“சாலுன்னுதான் கத்தினேன்” என்றார் கண்ணைத் திறந்து. “துண்டு மாட்டினதும் உசிரு போற நேரத்துல தமிழா வரும்? எங்க அம்மா பாஷைதான் வந்திருக்கு. பொறவு உங்க எல்லாருக்கும் சொல்லும்போது போதும்னு சொல்லிட்டேன்.” செத்த நேரம் கூரையைப் பார்த்தார். “அடப்பாவி. என் கையை எடுக்கச் சொல்லி நானே உத்தரவு போட்டிருக்கேனே.”

அதைச் சொல்லிவிட்டு அந்த முரட்டு மனிதர் குழந்தைபோல அழுதார். தேவஇரக்கம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதான். மைத்துனன் வராந்தாவுக்குப் போய்விட்டான்.

திங்கட்கிழமை அந்த மைத்துனனே மானேஜரிடம் வந்து நடந்ததைச் சொன்னான். அவனையும் பாராட்ட வேண்டும், எல்லோருக்கும் அந்த மனசு வராது. அன்று எனக்குப் பதில் சொல்லும்போது நீ காதில் கேட்ட அந்தச் சொல்லையே சொல்லியிருக்கக் கூடாதா என்று மானேஜர் தேவஇரக்கத்தைக் கூப்பிட்டுக் கேட்டார். இனி மழை ரூமில் வாய்ச்சத்தத்துக்கு வேலையில்லை, மணிதான், மணி தவிர எதற்கும் கைப்பிடியைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. காற்றாடிக்குப் பக்கத்திலும் ஒரு மணிக்கயிறு கட்டினார்கள்.

செல்லக்கனி கணவன் காலைப் பிடிக்காத குறைதான். “ஊரு சொல்லுச்சுன்னு நானும் கேட்டுட்டேனே, நானும் கேட்டுட்டேனே” என்று புலம்பினாள். அவன் சமாதானம் சொன்னான். ஆனாலும் சில நாள் அவள் போட்ட சோற்றை அவள் முகம் பார்த்துச் சாப்பிட அவனால் முடியவில்லை. அப்புறம் அதுவும் தானாகச் சரியாயிற்று.

சரியாகாதது வேறொன்று. வேலைக்குத் திரும்பியவனால் காற்றாடியைக் கிளப்ப முடியவில்லை. தண்ணீரைத் திறப்பான், அடைப்பான், எண்ணெய் விடுவான். மணி நீட்டி அடித்தால் மட்டும் கை வராது. சின்னக் கதவைத் திறந்து உள்ளே பார்ப்பான், சுற்றி ஓடி அந்தப் பக்கக் கதவையும் திறந்து பார்ப்பான், திரும்பி வந்து மறுபடி இந்தக் கதவைத் திறப்பான். அதற்குள் கொட்டகையில் நூல் அறுந்து கூச்சல் கிளம்பும். வேறு யாராவது வந்து இழுத்துவிட்டுப் போவார்கள். இப்படியே போனால் வேறு ஆளைப் போட வேண்டியதுதான் என்று மானேஜர் சொல்லிவிட்டார்.

புரட்டாசியில் சஞ்சீவி ராஜா வேலைக்கு வந்தார். ஒரு கையால் பிட்டர் வேலை எப்படிப் பார்ப்பது? கொட்டகைக்குள் கண்ணாடிக் குழாய்களைப் பார்த்து மணிக்கம்பி இழுக்கிற வேலையைக் கொடுத்தார்கள். அன்று சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மழை ரூம் வாசலில் மணி நீட்டி அடித்தது. அடிப்பது யார் என்று தேவஇரக்கத்துக்குத் தெரியும். கைப்பிடிமேல் கை வைத்தான். இழுக்க முடியவில்லை. மணி நின்றது. மறுபடி நீட்டி அடித்தது. அவன் நின்ற இடத்திலேயே நின்றான். மூன்றாம் தடவை மணி அடிக்கவில்லை.

கொட்டகையிலிருந்து யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. அம்புட்டு தூரம் நடக்கச் சோம்பல்பட்ட சஞ்சீவி ராஜாதான் நடந்து வந்துகொண்டிருந்தார். வந்தவர் ஏச்சும் பேச்சும் இல்லாமல் சின்னக் கதவைத் தானே சாத்திக் கொண்டியைப் போட்டார். தேவஇரக்கத்துக்கு நேர் எதிரே, கைப்பிடியிலிருந்து ஒரு முழத்தில் நின்றார்.

“ஏலே, இங்க பாரு. என்னைப் பாருலே. நான் வெளியதான் நிக்கேன்.”

தேவஇரக்கம் பார்த்தான்.

“உள்ள யாருமில்ல. ஓட்டு” என்றார் தமிழில்.

தேவஇரக்கம் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கைப்பிடியை இழுத்தான்.